டி சின் கொடுங்கோலன், வூ டிங் மகான்: எலும்புகள் வேறு கதை சொல்கின்றன

பிப்ரவரி 9, ஒரு வாசகர் கேட்டது

சீனாவின் ஷாங் வம்சத்துக் கடைசி அரசன் டி சின் பற்றிப் படித்தேன். மதுவால் நிரப்பிய குளம், மாமிசம் தொங்கும் தோப்பு, பழுக்கக் காய்ச்சிய வெண்கலத் தூண்மேல் ஆட்களை நடக்கவிட்டது, சித்தப்பா பி கானின் நெஞ்சைப் பிளந்து ஞானியின் இதயத்தில் ஏழு துளை இருக்குமாமே என்று பார்த்தது. மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய சமாச்சாரம் இவ்வளவு விவரமாக யாருக்குத் தெரியும்? மொத்த வம்சமுமே பின்னால் வந்தவர்கள் கட்டிவிட்ட கதை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வரவும்.

பிப்ரவரி 9, இரவு

இரண்டு விஷயத்தை ஒன்றாகக் குழப்பியிருக்கிறீர்கள். வம்சம் இருந்தது. கதைகள் வேறு.

1899 வரை உங்கள் சந்தேகம் நியாயமானதாக இருந்திருக்கும். ஷாங் அரசர்களின் பெயர்ப் பட்டியல் சிமா சியான் எழுதிய வரலாற்றில்தான் முழுமையாகக் கிடைத்தது. அவர் எழுதியது கி.மு. 100ஐ ஒட்டி. ஷாங் விழுந்து அதற்குள் ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டு ஓடிவிட்டது. அந்த 1899இல்தான், மருந்துக்கடைகளில் ‘டிராகன் எலும்பு’ என்று பொடித்து விற்றுக்கொண்டிருந்த பழைய எலும்புகளில் இருப்பது எழுத்து என்று பெய்ஜிங்கில் வாங் யிரோங் கண்டுகொண்டார். அரசாங்கத்தின் உயர்கல்விக் கழகத்துக்குத் தலைவராக இருந்தவர். அடுத்த ஆண்டே வெளிநாட்டுப் படைகள் பெய்ஜிங்குக்குள் நுழைந்தபோது தற்கொலை செய்துகொண்டார். எலும்பு எங்கிருந்து வருகிறது என்பதை வியாபாரிகள் ரகசியமாக வைத்திருந்தார்கள். லூவோ ஜென்யூதான் அது ஹெனான் மாகாணத்தில் அன்யாங் பக்கத்துச் சியாவோதுன் கிராமம் என்று துப்புத் துலக்கினார்.

1917இல் வாங் குவோவெய் எலும்பில் வரும் அரச முன்னோர் பெயர்களைச் சிமா சியானின் பட்டியலோடு வைத்துப் பார்த்தார். பெரும்பாலும் அப்படியே பொருந்தியது. ஆரம்பகால முன்னோர் மூவரைப் பாவோ டிங், பாவோ யி, பாவோ பிங் என்ற வரிசையில் சிமா சியான் சொல்கிறார். உடைந்த இரண்டு துண்டுகளை வாங் ஒட்டவைத்துப் பார்த்தால் யி, பிங், டிங் என்று இருந்தது. மூன்று பேர் வரிசை மட்டும் முன்பின்னாகியிருக்கிறது, அவ்வளவுதான். இத்தனை நூற்றாண்டு கழித்து எழுதிய பட்டியலுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் என்ன வேண்டும்?

ஆனால் பட்டியல் சரி என்பதால் மதுக்குளமும் சரியாகிவிடாது. அதற்கு வருகிறேன், கொஞ்சம் விரிவாகவே எழுதவேண்டும்.

பிப்ரவரி 10

முதலில் அந்த எலும்பு என்ன சாதனம் என்று தெரியவேண்டும், இல்லையென்றால் பின்னால் சொல்வது பிடிபடாது.

ஆமையின் வயிற்றுப்புற ஓடு அல்லது மாட்டின் தோள்பட்டை எலும்பு. அதைச் சுத்தம் செய்து, பின்பக்கம் வரிசையாகக் குழி குடைவார்கள், ஓடு மெலிந்து நிற்கும் அளவுக்கு. கேள்வியைச் சொல்லிவிட்டு அந்தக் குழியில் சூடு வைத்தால் முன்பக்கம் விரிசல் விழும்: செங்குத்தாக ஒரு கோடு, அதன் இடுப்பிலிருந்து பக்கவாட்டில் ஒரு கிளை. அரசன் அதைப் பார்த்துப் பலன் சொல்வான். அதற்கப்புறம் கேட்ட நாள், கேட்ட குறிகாரர் பெயர், கேள்வி, சில சமயம் அரசன் சொன்ன பலன், இன்னும் அரிதாக நடந்தது என்ன என்பது வரை ஓட்டிலேயே செதுக்கி வைப்பார்கள். சில பெரிய ஓடுகளில் எழுத்துக்குள் சிவப்பு நிறமும் பூசியிருக்கிறார்கள். கேள்வியும் ஜோடி ஜோடியாகத்தான் வரும்: ‘மழை பெய்யும்’, எதிர்ப்பக்கம் ‘மழை பெய்யாது’.

ஆமைகள் கப்பமாக வந்தன. இன்னார் ஆயிரம் கொண்டுவந்தார் என்று ஓட்டின் ஓரத்தில் குறிப்பு இருக்கிறது. 1936இல் ஒரே குழியில் 17,096 துண்டுகள் கிடைத்தன. இதுவரை கிடைத்த எல்லாவற்றையும் சேர்த்தால் சுமார் ஒன்றரை லட்சம் துண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது வூ டிங்கின் பல்வலி. கி.மு. 1250 முதல் 1190 வாக்கில் ஆண்ட பெரிய ராஜா, படையெடுப்பாளன். பல் வலிக்கிறது. யார் கோபம் என்று கேட்கிறான். தந்தை ஜியாவா? இல்லையா? தந்தை கெங்கா? இல்லையா? தந்தை சின்? தந்தை யி? நான்கு பேர், ஒவ்வொருவருக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கேள்வி. இதில் யி என்பவர் அவனைப் பெற்ற அப்பா, மற்ற மூவரும் அவருக்கு முன்னால் ஆண்டு முடித்த பெரியப்பாக்கள். தந்தை கெங்குக்கு ஒரு நாயும் ஓர் ஆடும் படைப்பது பற்றியும் அதே தொகுதியில் வருகிறது. தலைநகரை அன்யாங்குக்கு மாற்றியதாகச் சொல்லப்படும் மாமன்னர் பான் கெங்தான் அந்தக் கெங். செத்துப்போன பெரியப்பா தன் கடைவாய்ப் பல்லில் உட்கார்ந்திருக்கிறாரா என்று ஓர் அரசன் விசாரிக்கிறான், அதை ஒருவர் பொறுமையாகச் செதுக்கி வைக்கிறார். இதைப் படித்த பிறகு அவன் எனக்கு வெறும் பெயராக இருக்கவில்லை.

பிப்ரவரி 10, மாலை

“இதெல்லாம் ஜனங்களை ஏமாற்றப் போட்ட நாடகம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நாடகம் என்றால் பார்வையாளர் வேண்டும். பல்வலிக்கும் கெட்ட கனவுக்கும் யாரைக் கூட்டிவைத்து நாடகம் போடுவது?

இன்னொன்று. வூ டிங்கின் மனைவியரில் ஒருத்தி ஃபூ ஹாவ். அவள் பிரசவம் பற்றிக் கேள்வி. ஷாங் வாரத்துக்குப் பத்து நாள், டிங், கெங் என்பவை அந்த நாட்களின் பெயர்கள். அரசன் விரிசலைப் பார்த்து, டிங் நாளில் பிறந்தால் நல்லது, கெங் நாளில் பிறந்தால் மிக நல்லது என்கிறான். முப்பத்தொரு நாள் கழித்து ஜியாயின் நாளில் பிள்ளை பிறந்தது. நடந்ததைச் செதுக்கியிருக்கிறார்கள்: நல்லதல்ல, பெண். படிக்கக் கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கவனியுங்கள், அரசன் சொன்ன இரண்டு நாளிலும் பிறக்கவில்லை என்பது அவன் ஓட்டிலேயே பதிவாகிறது. அரசன் சொன்னது பலித்த பதிவுகள்தான் அதிகம் என்பதும் உண்மை. அவனுக்குப் பெருமை சேர்ப்பதைத் தேர்ந்து செதுக்கியிருப்பார்கள் என்று நினைக்க இடம் இருக்கிறது. ஆனாலும் இது பயந்த மனிதர்களின் பதிவு. பொய்யர்களின் பதிவு என்று என்னால் சொல்ல முடியாது.

பிப்ரவரி 12

ஃபூ ஹாவ் யார் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

சிமா சியானுக்கு இவளைத் தெரியாது. எந்தக் கதையிலும் இல்லை. எலும்புகளிலோ நிறைய வருகிறாள்: வேள்வி நடத்துகிறாள், குறிக்கான ஓடுகளைத் தயார் செய்து தருகிறாள், படை நடத்துகிறாள். ஒரு துண்டில் அவள் ஆட்கள் 3,000, அதோடு படைவீரர் 10,000 திரட்டி சியாங் மக்களைத் தாக்குவது பற்றிக் கேள்வி. 1976இல் ஜெங் ஜென்சியாங் என்ற பெண் தொல்லியலாளர் தலைமையில் தோண்டியபோது அவள் கல்லறை கிடைத்தது. கொள்ளையர் கை படாத அரச குடும்பத்துக் கல்லறை அன்யாங்கில் இது ஒன்றுதான். வெண்கலப் பொருள் 468, பச்சைக்கல் பொருள் 755, சோழி ஏறத்தாழ 7,000. பலியாகப் புதைக்கப்பட்ட 16 மனிதர்கள், 6 நாய்கள்.

அன்யாங் போயிருந்தபோது அந்தக் கல்லறைக் குழியின் விளிம்பில் நின்று பார்த்தேன். அளவில் சின்னது. மேற்பரப்பில் சுமார் ஐந்தரை மீட்டருக்கு நான்கு மீட்டர். ஆற்றுக்கு வடக்கே அரசர்களின் கல்லறைகள் நான்கு பக்கமும் சாய்தளம் வெட்டிய பிரம்மாண்டக் குழிகள், எல்லாம் எப்போதோ சூறையாடப்பட்டவை. இந்தச் சின்னக் குழியிலேயே ஒன்றரை டன்னுக்குமேல் வெண்கலம் இருந்ததென்றால் அந்தப் பெரிய குழிகளில் என்ன இருந்திருக்கும் என்ற யோசனை அங்கே நிற்கிற எல்லோருக்கும் வரும். 832 கிலோ எடையுள்ள அந்தப் பிரபலமான நான்கு கால் வெண்கலக் கொப்பரையும் அந்த வடக்குப் பக்கத்திலிருந்துதான் 1939இல் கிடைத்தது. ஜப்பானியர் கையில் சிக்கக் கூடாதென்று கிராமத்தார் அதைத் திரும்பப் புதைத்தார்கள். இப்போது பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஃபூ ஹாவின் கோடரிகளில் ஒன்று 9 கிலோ. இரண்டு புலிகளுக்கு நடுவில் ஒரு மனிதத் தலை, அதன்மேல் அவள் பெயர். சண்டையில் வீசும் எடையல்ல. அதிகாரத்தின் அடையாளம். அல்லது பலிக்கு.

பிப்ரவரி 13

அந்தக் கடைசி வார்த்தையிலிருந்து தொடர்கிறேன். நான் இந்த இழையில் சொல்ல வந்ததே இதுதான்.

ஷாங் எலும்புகளில் மனிதப் பலி சர்வசாதாரணம். பெரும்பாலும் சியாங் கைதிகள், மேற்கு எல்லையில் ஆடு மேய்த்தவர்கள். இன்ன முன்னோருக்கு மாடு எத்தனை, ஆடு எத்தனை, சியாங் எத்தனை? பத்தா, முப்பதா, நூறா? ஒரே வரியில், ஒரே தொனியில் கேட்கிறார்கள். ஹூ ஹோஷுவான் என்ற அறிஞர் எலும்புகளில் பதிவான பலிகளை எண்ணிப் பார்த்துப் பதின்மூன்றாயிரத்துக்கும் மேல் என்றார். எண்ணிக்கை குறிக்காத வரிகள் தனி.

அதில் பெரும்பகுதி யார் காலத்தது? வூ டிங் காலத்தது.

மரபுக் கதைகளில் வூ டிங் எப்படிப்பட்டவன்? மூன்று வருஷம் வாய் திறக்காமல் துக்கம் காத்தவன். கனவில் கண்ட ஞானியைத் தேடி, மண்ணை இடித்து இறுக்கிச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்த கைதிகளுக்கு நடுவே ஃபூ யுவேயைக் கண்டுபிடித்து மந்திரியாக்கியவன். வேள்விப் பாத்திரத்தின் காதில் காட்டுக்கோழி வந்து கத்தியதும் பதறிப்போய்த் தன்னைத் திருத்திக்கொண்டவன். வம்சத்தைத் தூக்கி நிறுத்திய நல்லரசன்.

டி சின் காலத்துக்கு வாருங்கள். கடைசி இரண்டு அரசர்களின் எலும்புகளில் மனிதப் பலிப் பதிவு வூ டிங் காலத்தோடு ஒப்பிட்டால் சொற்பம்.

கதை யாரைக் கொடூரன் என்றதோ அவன் பதிவில் ரத்தம் குறைவு. கதை யாரை உத்தமன் என்றதோ அவன் பதிவில்தான் ஆயிரக்கணக்கான கழுத்துகள். இன்னொன்றும் பாருங்கள். டி சின்மேல் இவ்வளவு பழி சுமத்தியவர்கள் யாரும் ‘சியாங் மக்களைக் கொன்று படைத்தார்கள்’ என்று ஷாங் அரசர்களைக் குற்றம் சாட்டவே இல்லை. அந்தக் கொலைகள் கதைக்குள் வரவே இல்லை.

பிப்ரவரி 13, இரவு

கொஞ்சம் யோசித்தபின்: மேலே எழுதியதை வைத்து டி சினுக்கு யாரும் மாலை போடவேண்டாம்.

பிற்கால எலும்புகளில் கேட்கும் விஷயங்களே சுருங்கிவிட்டன. வூ டிங் பல்வலி, மழை, கனவு, போர் எல்லாம் கேட்டான். கடைசி அரசர்கள் வேள்வி அட்டவணை, வேட்டை, அடுத்த பத்து நாளில் கேடு உண்டா, படைப் பயணம் என்று சிலவற்றோடு நிறுத்திக்கொண்டார்கள். பதிவு குறைந்தால் செயலும் குறைந்தது என்று ஆகாது. அன்யாங்கிலேயே ஹோகாங் என்ற இடத்தில் பிற்கால ஷாங்கைச் சேர்ந்த வட்டக் குழி ஒன்றில் 73 மனிதர்களின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. ஆகவே பலி நிற்கவில்லை. அவன் மட்டும் அரக்கன் என்று சொல்ல எலும்பில் ஆதாரம் இல்லை, என் வாதம் அவ்வளவுதான்.

பிப்ரவரி 15

“அப்படியானால் சோவ் மக்கள் அவனை எதற்காகக் கவிழ்த்தார்கள்?” நல்ல கேள்வி. ஷாங்கைத் தோற்கடித்து அடுத்த வம்சமாக ஆண்ட மேற்குப் பக்கத்து மக்கள்தான் சோவ்.

முயே போர்க்களத்தில் சோவ் அரசன் வூ பேசியதாக ஓர் உரை பழைய நூலில் இருக்கிறது. அதில் டி சின்மேல் என்ன குற்றச்சாட்டு? பெண் பேச்சைக் கேட்கிறான். முன்னோருக்குச் செய்யவேண்டிய வேள்விகளைக் கைவிட்டான். சொந்த பந்துக்களை ஒதுக்கிவிட்டு, ஓடிவந்த குற்றவாளிகளுக்குப் பதவி கொடுக்கிறான். அவ்வளவே. மதுக்குளம் இல்லை, தூண் இல்லை, இதயத்துளை இல்லை.

அதிலும் வேள்வியைக் கைவிட்டான் என்பது எலும்போடு நேராக மோதுகிறது. ஷாங் முன்னோர்கள் ஒவ்வொருவருக்கும் பத்து நாள் வாரத்தில் ஒரு நாள் உண்டு, அந்த நாளின் பெயரே அவர் பெயரில் ஒட்டியிருக்கும். யி நாளில் யிக்கு, டிங் நாளில் டிங்குக்கு. ஐந்து வகைப் படையல் எல்லா முன்னோருக்கும் ஒரு சுற்று முடிய முப்பத்தாறு, முப்பத்தேழு வாரம், அதாவது ஏறக்குறைய ஒரு வருஷம். ஆண்டைக் குறிக்கவே ‘அரசனின் இத்தனையாவது வேள்விச் சுற்று’ என்றுதான் எழுதினார்கள். இந்த அட்டவணை மிகக் கறாராக ஓடிய காலம் கடைசி இரண்டு அரசர்களின் காலம். பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு மதுக்கலசத்தில், டி சினின் நான்காம் ஆண்டில் அரசன் தன் தந்தை டி யிக்குப் படையல் செய்தது பொறித்திருக்கிறது. வேள்வியை மறந்தவன் செய்கிற காரியமா இது?

கவிழ்ந்ததற்குக் காரணம் எனக்குத் தெரிந்தவரை கிழக்குப் போர். டி சினின் பத்தாம் ஆண்டில் கிழக்குப் பக்கத்து மக்கள்மீது படையெடுத்துப் போனதை எலும்புகளில் ஊர் ஊராக, நாள் நாளாகப் பின்தொடரலாம். பல மாதப் பயணம். ‘கிழக்கை வென்றான், உயிரை இழந்தான்’ என்ற கருத்தில் ஒரு பழைய வாக்கும் உண்டு. அவன் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தபோது மேற்கே சோவ் வளர்ந்துவிட்டது.

மற்றக் கொடுமைகள் எப்படிச் சேர்ந்தன என்பதை 1924இல் கு ஜியேகாங் வரிசைப்படுத்திக் காட்டினார். எந்த நூற்றாண்டு நூலில் எந்தப் பாவம் முதன்முதலாக வருகிறது என்று பார்த்தார். காலம் போகப்போகப் பட்டியல் நீள்கிறது. இருபதாம் நூற்றாண்டுவரை காத்திருக்கவும் தேவையில்லை. கன்ஃபூசியஸின் சீடர் சிகோங் அப்போதே சொல்லிவிட்டார்: அவன் அவ்வளவு கெட்டவனல்ல, பள்ளத்தில் இருப்பவன்மேல்தான் உலகத்து அழுக்கெல்லாம் வந்து சேர்கிறது என்று. அவன் மனைவி தாஜியை நரிப்பேயாக ஊருக்கெல்லாம் தெரியவைத்தது மிங் காலத்து நாவல். போர் நடந்து இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு அப்புறம்!

பிப்ரவரி 16

சிறு சேர்க்கை. போர் நடந்ததற்கே என்ன ஆதாரம் என்று கேட்டவருக்கு: 1976இல் ஷான்சி மாகாணம் லின்தோங்கில் ஒரு வெண்கலப் பாத்திரம் கிடைத்தது. லி என்ற அதிகாரி வார்த்தது. வூ அரசன் ஷாங்கைத் தாக்கினான், ஜியாசி நாள், காலை என்று இருக்கிறது. நூல்களிலும் அதே ஜியாசி நாள், விடியற்காலை. ஏழு நாள் கழித்து அரசன் லிக்கு உலோகம் பரிசளிக்கிறான், அதை வைத்து இந்தப் பாத்திரம். போரைப் பார்த்த தலைமுறையின் கையெழுத்து என்று தைரியமாகச் சொல்லலாம். ஆண்டு கி.மு. 1046 என்பது 2000இல் முடிந்த அரசு ஆய்வுத் திட்டம் தேர்ந்தது. பல ஆண்டு முன்பின்னாகச் சொல்பவர்களும் உண்டு. தோற்றதும் டி சின் ‘மான் மாடம்’ என்ற தன் மாளிகையில் ஏறிப் பச்சைக்கல் அணிந்து தீயில் விழுந்து இறந்தான் என்று நூல்கள் சொல்லும் கதையைப் பற்றி அந்தப் பாத்திரத்தில் ஒரு சொல்லும் இல்லை.

பிப்ரவரி 18

விவாதம் தாஜியைச் சுற்றியே போகிறது, எனக்கு அதில் அலுப்பு. வம்சத்தை நிறுவிய தாங் பக்கம் வருவோம்.

கருங்குருவி போட்ட முட்டையை விழுங்கிய ஜியான் டி பெற்ற பிள்ளை வழியில் வந்தவர் தாங் என்பது மரபு. சியா வம்சத்தின் கடைசி அரசன் ஜியேயைத் தோற்கடித்தார். அந்த ஜியேக்கும் ஒரு மதுக்குளம் உண்டு, கெடுத்த ஒரு பெண்ணும் உண்டு! அச்சு ஒன்றுதான்.

வென்றபின் பல ஆண்டு மழை இல்லை. தாங் மல்பெரித் தோப்புக்குப் போய், தலைமுடியை வெட்டி, கையைக் கட்டிக்கொண்டு, ‘பிழை என்னுடையது, ஜனங்களைத் தண்டிக்காதே’ என்று தன்னையே பலியாக வைத்தார், மழை கொட்டியது. இதை முதலில் படித்தபோது அழகான நீதிக்கதை என்று கடந்துபோனேன். எலும்புகளில் மழைக்காக மனிதரை எரிக்கும் சடங்கு இருக்கிறது என்று தெரிந்தபிறகு அப்படிக் கடக்க முடியவில்லை. எரிக்கப்பட்டவர்களில் பெண்களின் பெயர்கள் வருகின்றன. அரசன் பெயர் வரவில்லை. யாரோ ஒரு பெண் நின்ற இடத்தில் கதை அரசனைக் கொண்டுவந்து நிறுத்தி, அவனை எரியவும் விடாமல் மழை பெய்யவைத்துவிட்டது. ஷாங் சடங்கின் நினைவு அந்தக் கதைக்குள் இன்னும் இருக்கிறது என்றே நம்புகிறேன், ஆள் மட்டும் மாறிவிட்டது.

தாங்கின் மந்திரி யி யின் கதையும் இதேபோல இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. சமையல்காரராக வந்து மந்திரியானவர். தாங்கின் பேரன் தாய் ஜியா சரியில்லை என்று அவனை மூன்று ஆண்டு அரண்மனைக்கு வெளியே வைத்து, திருந்தியதும் திரும்ப அரியணையில் உட்காரவைத்தார் என்பது ஒரு மரபு. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் ஒரு பழைய கல்லறையிலிருந்து மூங்கில் ஏடுகள் கிடைத்தன. அதிலோ, யி யின் ஆட்சியைப் பறித்தார், தாய் ஜியா தப்பி வந்து அவரைக் கொன்றான் என்றிருக்கிறது. எலும்புகள் இந்தச் சண்டையில் சொல்வது ஒன்றே: அரச ரத்தம் இல்லாத யி யினுக்கு அரச முன்னோர்களோடு சேர்த்துப் படையல் நடந்தது. துரோகி என்று கொன்றவருக்கு நூற்றாண்டுகள் கழித்தும் படையல் போடுவார்களா? கொன்றதால் பயந்து போட்டார்கள் என்று நேற்று ஒருவர் எழுதினார். பல்வலிக்குப் பெரியப்பாவைச் சந்தேகித்த ஊர் என்பதால் அதையும் தள்ள மாட்டேன், ஆனால் எனக்கு முதல் மரபே சரியாகப் படுகிறது.

பிப்ரவரி 21

கடைசியாக வந்த கேள்வி: தோற்றபின் ஷாங் மக்கள் என்ன ஆனார்கள்?

டி சினின் மகன் வூ கெங்கை அதே இடத்தில் கண்காணிப்போடு விட்டுவைத்தார்கள். வூ அரசன் இறந்ததும் வூ கெங் கலகம் செய்தான். கண்காணிக்க வைத்த சோவ் இளவரசர்களே அவனோடு சேர்ந்தார்கள். சோவ் கோமகன் மூன்று ஆண்டு சண்டை போட்டு அடக்கினார். அதன்பிறகு டி சினின் அண்ணன் வெய்சிக்குச் சோங் என்ற சிற்றரசைக் கொடுத்து, ஷாங் முன்னோருக்கான வேள்விகளைத் தொடரச் சொன்னார்கள். அந்த முன்னோர்களைக் கவனிக்கவில்லை என்று சொல்லி ஒரு வம்சத்தைக் கவிழ்த்தவர்கள், படையல் நின்றால் தங்களுக்கும் ஆபத்து என்று நினைத்திருக்கவேண்டும்.

சோங் கி.மு. 286 வரை இருந்தது, எழுநூறு ஆண்டுக்கு மேல். அதன் கடைசி அரசனைப் பற்றி சிமா சியான் எழுதுவது: தோல் பையில் ரத்தம் நிரப்பித் தொங்கவிட்டு, ‘வானத்தை எய்கிறேன்’ என்று அம்பு விட்டான், மதுவிலும் பெண்களிலும் மூழ்கினான், எல்லோரும் அவனைச் சோங்கின் ஜியே என்றார்கள். இதே ரத்தப்பை, இதே அம்பு, டி சினின் கொள்ளுத்தாத்தா வூ யி பற்றியும் அதே நூலில் இருக்கிறது. வூ யி பிறகு வேட்டையில் இடி விழுந்து செத்தான். சோங் அரசனை ச்சி நாட்டுப் படை வந்து முடித்தது. டி சினின் மதுக்குளத்தை நம்புகிறவர்கள் இந்த இரண்டு பத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு வாருங்கள், மேற்கொண்டு பேசலாம்.